தன்னைப் பற்றிய வலைத்தளம்: எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதை ஒப்படைப்பது?

தன் வலைத்தளத்தைப் புதுப்பிக்க முடிவெடுப்பவர் பெரும்பாலும் நிறத்திலிருந்தும் எழுத்துருவிலிருந்தும் தொடங்குகிறார். முகப்பில் பெரிய படம் வேண்டுமா, பக்கப் பட்டியல் மேலே இருக்க வேண்டுமா ஓரத்தில் இருக்க வேண்டுமா என்ற யோசனையிலேயே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. எழுத்தாளர், ஓவியர், ஆய்வாளர், பொறியாளர் என யாராக இருந்தாலும், தன்னைப் பற்றிய பக்கத்தை அமைக்க முனைபவருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஒருவருடைய அடையாளம் மூன்றின் சேர்க்கை: அவரைத் தேடி வருவதற்கான முகவரி, அங்கே அவர் தோன்றும் விதம், அங்கே அவரோடு தொடர்பில் இருக்கும் மனிதர்கள். இவற்றுள் எதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வது, எதைப் பிறர் பொறுப்பில் விடுவது என்று முதலில் தெளிந்துகொண்டால், நிறமும் எழுத்துருவும் பிறகு எளிதாக அமைந்துவிடும்.

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. சமூக ஊடகக் கணக்கையே தன் முகவரியாகக் கொள்வது முதல் வழி. பல கணக்குகளுக்கான இணைப்புகளை ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் லிங்க்ட்ரீ போன்ற சேவைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற சேவைகளில் ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்து நிரப்பிக்கொள்வது இரண்டாவது. தளத்தை நிர்வகிக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளை வாடகை சர்வரில் தானே நிறுவி நடத்துவது மூன்றாவது. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் எச்டிஎம்எல், தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் ஆகிய கோப்புகளைத் தானே எழுதியோ, ஜேகில், ஹியூகோ போன்ற சிறு கருவிகளின் துணையோடு உருவாக்கியோ, நிலையான பக்கங்களாக, அதாவது சர்வரில் நிரல் எதுவும் இயங்காமல் எழுதியபடியே வாசகருக்குப் போய்ச்சேரும் கோப்புகளாக, வெளியிடுவது நான்காவது. இந்த நான்கும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளை ஒட்டிப் பிறந்தவை என்பதால், அவற்றை ஒப்பிடுவதற்கு முன் தோற்றத்தின் மீதான உரிமை எப்படிக் கைமாறி வந்தது என்று சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

தோற்றம் கைமாறிய விதம்

1991-இல் செர்ன் ஆய்வு மையத்திலிருந்து டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தில் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. அதை எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் காட்டுவது என்பதை வாசகரின் உலாவிதான் தீர்மானித்தது. இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சாதாரண மனிதர்கள் தங்களுக்கென்று பக்கங்களை அமைக்கத் தொடங்கினார்கள். 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், இலவசமாக இடம் கொடுத்ததோடு அந்த இடங்களைப் பேட்டைகளாகவும் பிரித்து வைத்தது. பொழுதுபோக்குப் பக்கங்கள் ‘ஹாலிவுட்’டிலும், கணினி தொடர்பானவை ‘சிலிக்கான் வேலி’யிலும், அறிவியல் புனைவு தொடர்பானவை ‘ஏரியா 51’இலும் குடியேறின, ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டு எண் போல ஓர் எண்ணும் உண்டு. முகவரியே ஒருவருடைய விருப்பத்தைச் சொல்லிவிடும் ஏற்பாடு அது.

அன்றைய பக்கங்கள் கண்ணை உறுத்தின என்பதை மறுக்க முடியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, அசையும் படங்கள், கேட்காமலே ஒலிக்கும் இசை, வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கருவி எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தன. ஆனால் அந்தக் குவியல் ஒவ்வொன்றும் ஒரு மனிதர் தானே தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால் இரண்டு வேறு மனிதர்கள் என்பது பார்த்த கணத்திலேயே தெரிந்துவிடும். 2003-இல் வந்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளமும் தன் பயனர்கள் சுயவிவரப் பக்கத்துக்குள் சிஎஸ்எஸ் வரிகளை ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. தன் பக்கத்தின் பின்னணியை மாற்றும் ஆசையிலேயே முதல் நிரல் வரியைக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

2004-இல் தொடங்கிய ஃபேஸ்புக் இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. எல்லோருக்கும் ஒரே நீலமும் வெள்ளையும், எல்லோருக்கும் ஒரே கட்டங்கள். வாசிப்பவருக்கு அது நிம்மதியாக இருந்தது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் எது எங்கே இருக்கும் என்று தெரியும். 2007-க்குப் பின் தொடுதிரைக் கைப்பேசிகள் பரவியபோது, சிறிய திரையில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு இன்னும் வலுப்பெற்றது. எந்தத் திரைக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் வடிவமைப்பு முறையை 2010-இல் ஈத்தன் மார்க்காட் முன்வைத்தார். அடுத்த ஆண்டே, ட்விட்டரில் உருவான பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை எடுத்துப் பயன்படுத்திய எண்ணற்ற தளங்கள் ஒரே சாயலைப் பெற்றன. 2010-களில் வலைத்தளங்களின் பக்க அமைப்புகளுக்கு இடையிலான வேறுபாடு 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஒரே நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்தும் தளங்கள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன என்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டியது.

இந்த ஒருமைப்பாட்டை முழுவதும் குற்றமாகக் கருதுவதை நான் ஏற்கவில்லை. தேடல் பெட்டி மேலே வலப்பக்கம் இருக்கும் என்றும், தலைப்பைத் தட்டினால் முகப்புக்குப் போகலாம் என்றும் வாசகர் பழகிவிட்ட பிறகு, அந்தப் பழக்கத்தை மதிப்பது மரியாதை. தமிழ் நூல்கள் எல்லாமே ஒரே விதமாகத் திறப்பதால் எந்த நூலாசிரியரும் தன் தனித்தன்மையை இழந்துவிடவில்லை. கவலைக்குரியது வேறிடத்தில் இருக்கிறது: அமைப்பு ஒன்றானதோடு, மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் செய்தியும் ஒரே அளவில் வெட்டப்பட்டுவிட்டது. அதற்குக் காரணம் படிவம்.

படிவம் கேட்கும் கேள்விகள்

சமூக ஊடகத்தில் ஒருவர் கணக்குத் தொடங்கும்போது அவரை முதலில் வரவேற்பது ஒரு படிவம். பெயர், குடும்பப் பெயர், பிறந்த நாள், பால், படித்த இடம், வேலை, ஒரு படம், ஓரிரு வரி அறிமுகம். இவை வெறும் கட்டங்களாகத் தோன்றினாலும், மனிதர் என்பவர் இன்னின்னவற்றால் ஆனவர் என்ற ஒரு முடிவை அவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத மக்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்கள் ஒற்றை எழுத்தையோ, தந்தையின் பெயரையோ, சில வேளைகளில் ஒரு புள்ளியையோ அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

உண்மைப் பெயர் விதி இதன் கூர்மையான வடிவம். 2011-இல் தொடங்கிய கூகுள் பிளஸ், மக்கள் அன்றாடம் அறியப்படும் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்திப் பல கணக்குகளை முடக்கியது. 2014-இல் அந்த விதியைக் கைவிட்டது. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அந்தச் சேவையே மூடப்பட்டது. ஃபேஸ்புக்கில் 2014-இல் மேடைப் பெயரால் மட்டுமே அறியப்பட்ட கலைஞர்கள் பலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. அமெரிக்கத் தொல்குடியினர் சிலருடைய இயற்பெயர்களே பொய்ப்பெயர்களாகக் கருதப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, 2015 இறுதியில் விதியை ஓரளவு தளர்த்தியது. அதே நிறுவனம்தான் 2014 பிப்ரவரியில் பால் என்ற கட்டத்தில் 50-க்கும் மேற்பட்ட தேர்வுகளைச் சேர்த்தது. அது பலருக்கு உண்மையான ஆறுதலாக இருந்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்ததும் நிறுவனம், நாளை எடுக்க நினைத்தால் எடுக்கக்கூடியதும் நிறுவனம். தேர்வுகளின் எண்ணிக்கை கூடினாலும் கட்டம் கட்டமாகவே இருக்கிறது.

சொந்தப் பக்கத்தில் படிவமே இல்லை. வெற்றுத்தாள் ஒன்று இருக்கிறது. இது பெரிய விடுதலை, பெரிய சுமையும்கூட. நான் யார் என்பதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தன் பக்கத்தை ஆண்டுக்கணக்கில் ‘கட்டுமானத்தில் உள்ளது’ என்ற நிலையிலேயே விட்டு வைத்திருப்பவர்களைப் பலரும் அறிவோம். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்குத்தான் தளம் அமைக்கும் சேவைகளின் வார்ப்புருக்கள் வருகின்றன. ஆனால் அந்த வார்ப்புருக்களிலும் மறைமுகமான ஒரு படிவம் இருக்கிறது. மேலே பெரிய படம், அதன் மேல் ஒரு முழக்கம், கீழே மூன்று சேவைகள், அதற்கும் கீழே வாடிக்கையாளர் பாராட்டுகள், கடைசியில் தொடர்புப் பெட்டி. இது ஒரு வணிக நிறுவனத்தின் உடற்கூறு. கவிதை எழுதும் ஒருவர் இந்த வார்ப்புருவை எடுத்து நிரப்பத் தொடங்கினால், மூன்று கட்டங்களை நிரப்புவதற்காகவே தனக்கு மூன்று ‘சேவைகள்’ இருப்பதாக எழுத நேரிடுகிறது. சிலகாலம் கழித்துப் பார்த்தால் அவர் தன்னை விற்பனைப் பொருளாக அறிமுகப்படுத்தியிருப்பது அவருக்கே வியப்பாக இருக்கும். வார்ப்புருவைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் அதன் அழகைப் பார்க்காமல், அதில் எத்தனை கட்டங்கள் தனக்குத் தேவையில்லை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. தேவையற்றவை பாதிக்கு மேல் இருந்தால் அந்த வார்ப்புரு வேறு யாருக்கோ தைத்த சட்டை.

பல முகங்கள் உள்ளவருக்கு

ஒரே மனிதர் பணியிடத்தில் ஒருவிதமாகவும், நண்பர்களிடம் ஒருவிதமாகவும், தன் கலையில் வேறுவிதமாகவும் இருக்கிறார். இது பாசாங்கு ஆகாது. கேட்பவரை அறிந்து பேசும் இயல்பு. சமூக ஊடகத்தின் முதன்மையான குறை, இந்த எல்லாக் கேட்பவர்களையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான். மேலதிகாரியும், பள்ளித் தோழரும், அறிமுகமில்லாத ஆயிரம் பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் படிக்கும்போது, எழுதுபவர் எல்லோருக்கும் பொருந்தக்கூடிய மங்கலான ஒரு நடைக்கு வந்து சேர்கிறார்.

சொந்தத் தளம் இதற்குத் தானாகத் தீர்வு தந்துவிடாது. சொந்தப் பெயரில் ஒரு டொமைனை, அதாவது தளத்துக்கான இணைய முகவரிப் பெயரை, பதிவுசெய்தவர், தன் எல்லா முகங்களையும் அந்த ஒரே பெயரோடு பிணைத்துவிடும் ஆபத்து உண்டு. தேடுபொறியில் பெயரைத் தட்டும் எவருக்கும் அனைத்தும் ஒருசேரக் கிடைத்துவிடும். ஆகவே பெயரைப் பதிவுசெய்வதற்கு முன்பே, இந்த முகவரி தன் எந்த முகத்துக்கானது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தொழிலுக்கு இயற்பெயரில் ஒன்று, புனைவுக்குப் புனைபெயரில் ஒன்று என்று இரண்டு சிறிய தளங்களை வைத்திருப்பது, எல்லாவற்றையும் அடைத்த ஒரு பெரிய தளத்தைவிட நேர்மையானது என்பது என் கருத்து. டொமைன் பதிவில் பெயரும் முகவரியும் பொதுவெளியில் தெரிந்துவிடும் என்ற பழைய அச்சம், 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெருமளவு குறைந்திருக்கிறது. பல பதிவு நிறுவனங்கள் தனிநபர் விவரங்களை இப்போது மறைத்தே வெளியிடுகின்றன. ஆனாலும் எல்லா வகை டொமைன்களுக்கும் இது பொருந்தாது என்பதால் பதிவுசெய்யும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருப்பவர், யாரும் தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற நிலையில் இருப்பவர் ஆகியோருக்குக் கட்டணம் செலுத்திப் பதியும் டொமைன் பொருத்தமற்றது. பணம் செலுத்திய தடயம் எங்கோ இருக்கும். அவர்களுக்குப் புனைபெயர் அனுமதிக்கும் பொதுச் சேவை ஒன்றே பாதுகாப்பானது.

எது நிலைக்கும்?

நிலைத்தன்மை என்ற அளவுகோலில் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஜியோசிட்டீஸை 1999-இல் யாஹூ பல நூறு கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அதே ஆண்டு, பயனர்களின் ஆக்கங்கள் மீது தனக்கு விரிந்த உரிமை கோரும் விதிகளைக் கொண்டுவந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்திக்கொண்டது. 2009 அக்டோபரில் அந்தச் சேவையை மூடியது. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும், வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இண்டர்நெட் ஆர்கைவும் முயன்று காப்பாற்றிய பகுதிதான் இன்று எஞ்சியிருக்கிறது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2003 முதல் 2015 வரை பதிவேற்றப்பட்ட இசைக் கோப்புகளை, சர்வர் இடமாற்றத்தின்போது இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019-இல் ஒப்புக்கொண்டது. ஒருவர் தன் இளமையில் பாடிப் பதிந்த ஒரே பாடலின் ஒரே பிரதி அங்கே இருந்திருக்கலாம். தன் அடையாளத்தின் ஒரு பகுதி அப்படி இல்லாமல் போவது சிறிய இழப்பு அல்ல.

சொந்தத் தளங்கள் மட்டும் அழிவதில்லையா என்று கேட்கலாம். அழிகின்றன. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் அணுக முடியாமல் போய்விட்டதாகப் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. பொதுவான வகைகளை ஒரு முறைக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவுசெய்ய முடியும். புதுப்பிக்கும் அட்டை காலாவதியாகி, நினைவூட்டும் மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போய்விட்டால், இருபது ஆண்டு உழைப்புள்ள முகவரி சில வாரங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். உரிமையாளர் இறந்துவிட்டால் அடுத்த புதுப்பிப்போடு தளமும் மறையும். அந்த வகையில் ஒரு பெரிய சமூக ஊடகத்தின் கணக்கு, மனிதரைவிட நீண்ட நாள் நிற்கவும் கூடும். ஆகவே சொந்தத் தளம் தானாகவே நிலைத்து நிற்கும் என்று நம்புவது தவறு. அது தரும் நன்மை, இடம் மாறும் வசதி. தளத்தின் கோப்புகளுக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் மூடப்பட்டால் கோப்புகளை இன்னொரு சர்வரில் ஏற்றி, முகவரியை அங்கே திருப்பிவிடலாம். வாசகருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வழிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. தளம் அமைக்கும் சேவைகளில் டொமைன் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் பக்கங்கள் அந்தச் சேவையின் கருவிக்குள் உருவானவை. எழுத்தையும் படத்தையும் வெளியே எடுக்க முடிந்தாலும், வடிவமைப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடியாது. வேர்ட்பிரஸில் அது முடியும். உலகின் வலைத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இயக்கும் மென்பொருள் என்பதால் உதவி செய்ய ஆள் கிடைப்பதும் எளிது. ஆனால் அது தரவுத்தளத்தோடு ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள். அதையும், அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்களான நீட்சிகளையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டுமே தன் தளத்தை எட்டிப் பார்க்கும் ஒருவர், புதுப்பிக்கப்படாத நீட்சி ஒன்றின் வழியே ஊடுருவியவர்கள் தன் பெயரிலேயே போலி மருந்து விளம்பரங்களை வெளியிட்டிருப்பதைக் காணும் நிலை அரிதானது அல்ல. பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கும், வாரந்தோறும் புதியன வெளியாகும் தளத்துக்கும் வேர்ட்பிரஸ் தரும் வசதி ஈடு இணையற்றது. ஒரு மனிதரின் பத்துப் பக்கத் தளத்துக்கு அது தேவைக்கு மிஞ்சிய இயந்திரம்.

நிலையான எச்டிஎம்எல் பக்கங்களில் ஊடுருவுவதற்கு இயங்கும் நிரலோ தரவுத்தளமோ இல்லை. 1991-இல் எழுதப்பட்ட அந்த முதல் பக்கத்தை இன்றைய உலாவியும் குறையின்றிக் காட்டுகிறது. அதற்குப் பின் வந்த எத்தனையோ கோப்பு வடிவங்களுக்கு இந்த ஆயுள் வாய்க்கவில்லை. அசைவுப் படங்களுக்கான ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் எழுந்த தளங்கள் ஒரு காலத்தில் வலையின் மிகத் துணிச்சலான படைப்புகளாக இருந்தன. 2020 டிசம்பர் 31-ஓடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, உலாவிகளில் அவை வெற்றுப் பெட்டிகளாகிவிட்டன. தனித்தன்மையை ஒரே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பதித்தவர்கள் அனைவருக்கும் நேர்ந்த இழப்பு அது.

கையால் எழுதுவதன் கடினமும் பலனும்

நான்காவது வழியின் குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. தொடக்கத்தில் கற்க வேண்டியது உண்டு. எச்டிஎம்எல்லின் அடிப்படைக் குறிகளைப் பொறுமையுள்ள ஒருவர் சில நாட்களில் பழகிக்கொள்ளலாம். சிஎஸ்எஸ் அப்படியல்ல, அது கைவர மாதங்கள் ஆகும். கைப்பேசியில் பக்கம் சரியாகத் தெரியவில்லை, படங்கள் கட்டத்தை விட்டு வெளியே போகின்றன என்பன போன்ற தொல்லைகளை வார்ப்புருச் சேவைகளில் வேறு யாரோ முன்பே தீர்த்து வைத்திருப்பார்கள். இங்கே நாமே தீர்க்க வேண்டும்.

விருப்பம் போல வடிவமைக்கும் உரிமை, வாசகரை மறந்துவிடும் உரிமையாகவும் மாறிவிடக்கூடும். வெளிர் சாம்பல் பின்னணியில் சற்றே அடர்ந்த சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். பார்வை மங்கிய ஒருவரால் அதைப் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்திலும், பெரிய எழுத்துகளுக்கு 3-க்கு 1 என்ற விகிதத்திலும் இருக்க வேண்டும் என்று வலை அணுகல் வழிகாட்டுதல்கள் வரையறுக்கின்றன. படங்களுக்கு மாற்று விளக்கம் எழுதுவது, விசைப்பலகையால் மட்டுமே பக்கத்தை முழுவதும் சுற்றிவர முடிவது, அசைவுகளைக் குறைக்கச் சொல்லி வாசகர் தன் கருவியில் வைத்திருக்கும் விருப்பத்தை மதிப்பது ஆகியவையும் அதே வகையின. தன் அடையாளத்தை வெளிப்படுத்தும் ஆர்வத்தில் இன்னொருவரை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது என்பதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாராக இல்லை. நல்ல வார்ப்புருக்கள் இவற்றில் பலவற்றைத் தாமே கவனித்துக்கொள்கின்றன. இது இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்குச் சாதகமான கனமான வாதம்.

பலன் என்னவென்றால், பக்கத்தின் அமைப்பையே பேச வைக்கலாம். தான் படித்த நூல்களை ஆண்டுவாரியாக அடுக்கிய ஒரு நீண்ட பட்டியலே முகப்பாக இருக்கலாம். ஓவியர் தன் முடிக்காத படங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆய்வாளர் தான் கைவிட்ட கருதுகோள்களைத் தேதியோடு பதிந்து வைக்கலாம். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரே ஒரு பத்தி மட்டும் உள்ள தளமும் தளமே. இவற்றுக்கெல்லாம் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. எனவே எந்தச் சமூக ஊடகத்திலும் இவை இந்த வடிவில் தோன்றுவதில்லை. 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் இளைய தலைமுறையினர் மீண்டும் கையால் பக்கங்களை எழுதுவதைப் பழமை மீதான ஏக்கம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்த இளைஞர்களில் பலர் ஜியோசிட்டீஸைப் பார்த்தே இராதவர்கள். கட்டங்களுக்கு வெளியே தங்களைச் சொல்லிக்கொள்ள இடம் தேடி வந்தவர்களாகவே அவர்களை நான் பார்க்கிறேன்.

மனிதர்கள் இருக்கும் இடம்

இத்தனைக்குப் பிறகும் முதல் வழிக்கு ஒரு வலிமை எஞ்சியிருக்கிறது. அதை மற்ற மூன்றாலும் ஈடுசெய்ய முடியாது. மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். சொந்தத் தளத்தில் எழுதியது எத்தனை சிறந்ததாக இருந்தாலும், அதை யாரும் தற்செயலாகக் கடந்து போகமாட்டார்கள். தேடி வர வேண்டும், அல்லது யாரோ சுட்டிக்காட்ட வேண்டும். புதிதாக எழுத வருபவருக்கும், வேலை தேடுபவருக்கும், தன்னைப் போன்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத தனிமையில் இருப்பவருக்கும் அந்தக் கூட்டம் தேவைப்படுகிறது. தன் அனுபவத்தைப் பகிரும் இன்னொரு மனிதரை முதன்முதலாகச் சமூக ஊடகத்தில் கண்டுபிடித்தவரிடம் போய், முகவரியின் உரிமை பற்றிப் பாடம் எடுப்பது நியாயமாகாது.

இரண்டையும் இணைப்பதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. இண்டிவெப் என்ற பெயரில் 2011 முதல் கூடிவரும் வலை வல்லுநர்கள், முதலில் சொந்தத் தளத்தில் வெளியிட்டு, அதன் பிரதியையோ சுட்டியையோ சமூக ஊடகங்களில் பகிரும் நடைமுறையைப் பரப்பினார்கள். பல சர்வர்களில் பரவி இயங்கும் சமூக ஊடகமாக 2016-இல் தொடங்கிய மாஸ்டடானில், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும்போது பின்தொடர்பவர்களை உடன் அழைத்துச் செல்ல முடிகிறது. பழைய பதிவுகள் மட்டும் பின்தங்கிவிடும். புளூஸ்கை என்ற சமூக ஊடகத்தில் சொந்த டொமைனையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம். முகவரி ஒருவருடையதாகவும், மனிதர்கள் பொதுவெளியிலும் இருக்கும் இந்த ஏற்பாடு, இன்றைக்குக் கிடைப்பவற்றுள் மிகச் சமநிலையானது. ஆனால் இதற்குச் சொந்த டொமைன் ஒன்று முதலில் இருக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அச்சுறுத்தலில் இல்லாத எவரும் டொமைனைத் தன் பெயரில் தானே பதிவுசெய்துகொள்ள வேண்டும்; தளம் அமைத்துத் தருபவரிடமோ நண்பரிடமோ அந்தப் பொறுப்பை விடக்கூடாது. கற்பதற்கு ஓரளவு நேரமும் ஆர்வமும் உள்ளவர், தளத்தில் பேசுவது தான் ஒருவர் மட்டும் என்றால், நிலையான பக்கங்களையே தேர்ந்தெடுக்கலாம். பலர் எழுதும் தளத்துக்கும், அடிக்கடி மாறும் தளத்துக்கும் வேர்ட்பிரஸ் பொருத்தமானது. அப்போது அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் தொடக்கத்திலேயே பெயர் சொல்லி முடிவுசெய்ய வேண்டும். நிரல் பக்கம் போகவே விரும்பாதவர் தளம் அமைக்கும் சேவையில் இருப்பதில் மிகவும் எளிய வார்ப்புருவை எடுத்து, முழக்கத்தையும் பாராட்டுப் பெட்டிகளையும் நீக்கிவிட்டு, தன் டொமைனை அதோடு இணைத்துக்கொள்ளலாம். சமூக ஊடகம் மட்டும் போதும் என்று நினைப்பவர், தன் பதிவுகளின் காப்புப்பிரதியைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய சேவைகள் பலவும் அதற்கான வசதியை அமைப்புப் பகுதிக்குள் வைத்திருக்கின்றன.

வேலையின் வரிசையும் முக்கியம். வார்ப்புருவைத் திறப்பதற்கு முன், தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எந்த அலங்காரமும் இல்லாத ஓர் உரைக்கோப்பில் எழுதி முடித்துவிடுவது நல்லது. யாருக்காக எழுதுகிறோமோ அப்படிப்பட்ட ஒருவரிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து, படித்தபின் மனத்தில் எது நிற்கிறது என்று கேட்கலாம். அவர் சொல்லும் அந்த ஒன்றுக்கு முகப்பில் முதல் இடம். அந்த உரை முப்பது வரிகளில் முடிந்துவிட்டால் ஒரே பக்கம் போதும். அது பத்துத் தனித்தனிக் கிளைகளாக விரிந்தால்தான் பட்டியலும் பகுதிகளும் தேவைப்படும். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வரட்டும். உரைக்கோப்பை மட்டும் தளத்திலிருந்து தனியே, தன் கணினியில் தேதியிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை தளத்தை மாற்ற நினைக்கும்போது வேலை அதிலிருந்துதான் தொடங்கும்.